மருதாயி ஊற்றிய சொட்டு மருந்து

மருதாயிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் நம்பிக்கை கிடையாது. அந்த வெளிச்சத்தில் வெளுத்த ஏலக்காயும் பச்சையாகத்தான் தெரியும் என்பாள். அதனால் முத்துக்கிருஷ்ணனின் கிட்டங்கியில், அதாவது ஏலக்காய்க் கிடங்கில், காய் பொறுக்குகிற பெண்கள் வடக்குச் சன்னலோரமாக, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை போட்டுத்தான் உட்காருவார்கள். மருதாயியோடு சேர்த்துப் பதினோரு பேர். மழை மூட்டம் போட்ட நாளில் தார்பாயை வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்வாளே தவிர, சுவிட்சைத் தட்ட விடமாட்டாள்.

மலையில் உலர்த்தி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காயைச் சல்லடை இயந்திரம் பருமன் பார்த்துப் பிரித்துவிடும். அதற்குமேல் எல்லாம் கண்ணும் விரலும் செய்கிற வேலை. வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது, காம்பு ஒட்டியது என்று தனித்தனியாக ஒதுக்க வேண்டும். ஒதுக்கி முடித்த காய் ஒவ்வொரு கையும் கடந்து, கடைசியாக மருதாயியின் முறத்தைத் தாண்டித்தான் சாக்குக்குள் போகும். அந்த முறத்தைத் தாண்டிய காயை ஏல மையத்தில் எந்த வியாபாரியும் இரண்டாவது தடவை அள்ளிப் பார்ப்பதில்லை என்று முத்துக்கிருஷ்ணன் வெளியே சொல்லிக்கொள்வதுண்டு. மருதாயியின் எதிரே சொன்னதில்லை.

அவள் பிறந்த ஊர் தேவாரம். பத்தொன்பது வயதில் போடிக்கு வாக்கப்பட்டு வந்தாள். கணவன் பால்பாண்டி, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர். அந்த ஜீப்பிலேயே விடிவதற்குள் மலையேறிப் போய்ப் பதினான்கு வருடம் காய் எடுத்தாள். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி முழங்கால் பிசகியது. அதோடு மலை முடிந்தது. கிட்டங்கியில் உட்கார்ந்து இது பதினெட்டாவது வருடம். வயது ஐம்பத்தொன்றைத் தாண்டிவிட்டது. இன்னும் கண்ணாடி போடவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இன்னொரு கர்வமும் இருந்தது. கொரோனா வருடத்தில் அந்தச் சந்தில் ஒவ்வொரு கிட்டங்கியாகச் சாத்தியபோது முத்துக்கிருஷ்ணன் கிட்டங்கியில் ஒருத்திக்கும் காய்ச்சல் வரவில்லை. காரணம் மருதாயிதான் என்பது எல்லோருக்கும் தெரியும். தினமும் காலையில் கைகழுவும் மருந்து பாட்டிலோடு வாசலில் நிற்பாள். பெண்கள் உட்காரும் வரிசைப்படியே வந்து கையை நீட்ட வேண்டும். ஒவ்வொருத்தி உள்ளங்கையிலும் ஒரு பீச்சு. தேய்த்த கையை அவள் மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே போகலாம். "இவ மாமியாரா, போலீசுக்காரியா?" என்று முணுமுணுத்தவர்கள், அடுத்த கிட்டங்கிப் பெண்கள் படுக்கையில் விழுந்ததும் பேசாமல் கையை நீட்டினார்கள்.

அப்படிப்பட்டவள் கைக்குத்தான் இந்த ஐப்பசியில் அந்தச் சின்னப் பாட்டில் வந்து சேர்ந்தது.

ஊருக்குள் மெட்ராஸ் ஐ வந்திருந்த நேரம். பஸ்நிலையத்தில் கறுப்புக் கண்ணாடி விற்பவனுக்கு நல்ல யோகம். கிட்டங்கிக்கு அது ஒரு திங்கட்கிழமை அனுசியாவோடு வந்தது. அனுசியா வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சாந்தன்பாறைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்து அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். மருதாயியை 'சேச்சி' என்றுதான் கூப்பிடுவாள். மகள் எட்டாவது முடித்ததும், மேலே தமிழில் படிக்க வைக்க வேண்டும் என்று கணவனை மலையில் விட்டுவிட்டுப் போடியில் ஒற்றை அறை வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். பால்பாண்டி ஜீப்பில் வந்து போகிற பழக்கத்தில் வேலை கேட்டாள். மருதாயி அவள் விரலைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், ஒரு கை காயைக் கொடுத்துப் பொறுக்கச் சொல்லிப் பார்த்தாள். சேர்த்துக்கொண்டாள். புதியவள் கையைக் கண்காணிக்க வசதியாகத் தன் பக்கத்திலேயே, வரிசையில் முதல் ஆளாக உட்கார வைத்தாள்.

"என்னடி கண்ணு, கோவப்பழமாட்டம் இருக்கு?"

"நேத்து வீட்டுக்காரரப் பாக்க மேல போயிட்டு வந்தேன் சேச்சி. ஜீப்புல ரெண்டு பேருக்கு இருந்துச்சு. ராத்திரி புடிச்சு மண்ணு விழுந்த கணக்கா உறுத்துது."

அனுசியாவுக்கு அடுத்த இடம் தேவியுடையது. அவள் சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஏ, இந்தப் பக்கம் பாக்காத. பாத்தாலே ஒட்டிக்கிரும். குனிஞ்சே இரு."

"குனிஞ்சேதானே இருக்கேன். காயப் பாக்க வேணாமா?"

"காய எம்புட்டு வேணா பாரு. அதுக்குக் கண்ணு கெடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். மருதாயி சிரிக்கவில்லை. கண் போனால் இங்கே வேலையே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்க் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். வலிக்கிறவளுக்கு மட்டும் ஊற்றினால் போதாது, வருவதற்கு முன்னாலேயே எல்லோரும் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவள் நடந்து வரும்போதே எடுத்த முடிவு. கொரோனாவுக்கு அப்படித்தானே செய்தது!

வாசல்படியில் நின்றுகொண்டு வரிசையைக் கூப்பிட்டாள். முதல் ஆள் அனுசியா. இடது கைப் பெருவிரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டுகூட வெளியே சிந்திவிடக் கூடாதென்று பாட்டில் மூக்கைக் கண்ணோரத்தில் தொடும்படி அண்டக் கொடுத்து, மெதுவாக அமுக்கினாள். இரண்டு கண்ணுக்கும் இரண்டிரண்டு சொட்டு. வழிந்ததைத் தன் முந்தானையால் ஒற்றிவிட்டு, "அடுத்து" என்றாள். அதே பெருவிரல், அதே பாட்டில், அதே முந்தானை. கடைசியாகத் தன் கண்ணிலும் ஊற்றிக்கொண்டாள். வரிசை முழுக்க இப்படி ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவதற்கு அரைமணி நேரம் ஆனது. காலையில் ஒருமுறை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை.

எதிர்க் கிட்டங்கித் தலைவி வீரலட்சுமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாயிக்குச் சரியான போட்டி அவள். வாயில் அவளை வெல்ல முடியாது, முறத்தில் மருதாயியை வெல்ல முடியாது.

"என்ன மதினி, கண்ணாஸ்பத்திரி தொறந்துட்டியா?"

"வருமுன்ன ஊத்திக்கிட்டா வராது. நீயும் ஒரு பாட்டில் வாங்கிக்க."

வீரலட்சுமி கேலி பேசுவாளே தவிர, மருதாயி செய்வதைச் செய்யாமல் விடமாட்டாள். அன்று மத்தியானமே அங்கேயும் வரிசை நின்றது. மறுநாள் அந்தச் சந்திலிருந்த மற்ற மூன்று கிட்டங்கிகளிலும் வரிசை நின்றது. செவ்வாய்க்கிழமை முத்துக்கிருஷ்ணனே வந்து தலையை அண்ணாந்து, "எனக்கும் ரெண்டு சொட்டு விடுக்கா, ஏல மையத்துல நூறு பேரப் பாக்க வேண்டியிருக்கு" என்றார். முதலாளி என்பதால் மருதாயி மூன்று சொட்டு விட்டாள்.

புதன்கிழமை மூன்று பேர் சிவந்த கண்ணோடு வந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் நான்கு பேர். காலையில் எழுந்தால் பூளை ஒட்டிக்கொண்டு இமை பிரியவில்லை என்றார்கள். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்று சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். வெளுத்த காயும் நல்ல காயும் ஒரே சாக்கில் விழுந்தன. மருதாயி மருந்தை மூன்று வேளையாக்கினாள்.

வெள்ளி மத்தியானம் முத்துக்கிருஷ்ணன் கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே வந்தார். அடுத்த ஏலத்துக்குப் போக வேண்டிய காயில் பாதி இன்னும் மூட்டையில் கிடந்தது.

"யாருக்கு மொதல்ல வந்துச்சு?"

எல்லோரும் அனுசியா இருந்த பக்கம் பார்த்தார்கள்.

"மலைக்காரியா? நெனச்சேன். ஞாயித்துக்கெழமயானா ஓடுறது, அங்க உள்ளதையெல்லாம் அள்ளிக்கிட்டு எறங்குறது. இந்தாம்மா, நீ நாளையிலேருந்து வர வேணாம். வேற எடம் பாத்துக்க."

"கண்ணு இப்பச் சரியாயிருச்சு முதலாளி..."

"எனக்குச் சரியாகலயே!"

அனுசியா மருதாயியைப் பார்த்தாள். மருதாயி ஒரு காயை விரலுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தாள். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அப்பழுக்கில்லாத காய். அனுசியா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறவரை அதையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதாயியால் கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீரைத் தொட்டுத் தொட்டு இமையைப் பிரித்தபோது, பால்பாண்டி தலைமாட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்கே மருந்து ஊத்துனவளுக்கா?"

"சிரிக்காதீங்க. உங்களுக்கும் வரும்."

வந்தது. ஒரே தலையணை, ஒரே துண்டு. திங்கட்கிழமை அவன் கண்ணும் சிவந்தது. ஆனாலும் ஜீப்பை எடுத்தான். கண்ணைக் கசக்கின கையால் கம்பியைப் பிடித்தான், கதவைப் பிடித்தான், மலையடிவாரத்து முந்தலில் நிறுத்தி ஆளுக்கொரு வடை வாங்கிக் காகிதத்தில் வைத்து நீட்டினான். அந்த வாரம் பூப்பாறைத் தோட்டத்தில் ஆறு பேர் படுத்தார்கள். சந்தின் மற்ற கிட்டங்கிப் பெண்களும் இதேபோல் தங்கள் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் கொண்டுபோனார்கள். ஷேர் ஆட்டோவிலும் தேனி பஸ்சிலும் கம்பியைப் பிடித்த கைகள் அதை இன்னும் தூரம் கொண்டுபோயின. போடியில் பாதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க ஒரே பேச்சுதான்: முத்துக்கிருஷ்ணன் கிட்டங்கியில் ஒரு மலைக்காரி கொண்டாந்து விட்டுட்டாளாம்.

நான்கு நாள் வீட்டில் கிடந்துவிட்டு மருதாயி வியாழக்கிழமை கிட்டங்கிக்குப் போனாள். தேறி வந்தவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வடக்குச் சன்னலோரம் அனுசியாவின் இடம் காலியாகக் கிடந்தது. அதை ஒட்டித் தேவி, எப்போதும்போல் காலை மடக்கி உட்கார்ந்து, முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிர்ந்தபோது மருதாயி அப்படியே நின்றுவிட்டாள். தேவியின் கண்கள் சிவப்பே இல்லாமல் பால்போல வெளுப்பாக இருந்தன.

"உனக்கு வரலயாடி?"

"இல்லக்கா. குலசாமிக்கு நேந்துக்கிட்டேன்."

மருதாயி முறத்தை எடுக்காமல் உட்கார்ந்தாள். அனுசியாவுக்கு முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தவள் தேவி. ஐந்து நாளும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியவள். மத்தியானம் அவள் வாளியிலிருந்து கப்பைக்கிழங்கைப் பிடுங்கித் தின்றவளும் அவள்தான். பார்த்தால் ஒட்டும் என்றால் முதலில் தேவிக்குத்தானே ஒட்டியிருக்க வேண்டும்? ஆனால் அந்தக் கோடியில், வாசலைப் பார்த்து உட்கார்ந்து, அனுசியாவின் முதுகைக்கூட ஒழுங்காகப் பார்க்காத மூன்று பேருக்கு வந்திருக்கிறது. இந்தக் காய் இந்தக் குவியலைச் சேர்ந்ததில்லை என்று விரல் சொல்லுமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று அவளுக்கு நெருடியது.

"தேவி, நெசத்தச் சொல்லு. நீ என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

"எல்லாரும் பண்ணுனதுல எதப் பண்ணாம விட்ட?"

தேவி முந்தானையைத் திருகினாள். "திட்டக் கூடாது."

"சொல்லு."

"எனக்குக் கண்ணுல மருந்துன்னா சின்னப்புள்ளையிலேருந்தே பயம். நீங்க வரிசைக்குக் கூப்புட்டதும் பின்னால தண்ணித் தொட்டிக்குப் போயிருவேன். மூஞ்சில தண்ணியத் தெளிச்சுக்கிட்டு, கண்ணச் சிமிட்டிக்கிட்டே வந்து உக்காந்துக்குவேன். நீங்க ஒரு நாளும் கேக்கல."

மற்ற நான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மருதாயி திட்டவில்லை. "நான் ஊத்துறப்ப ஆளப் பாக்கல. கண்ணத்தான் பாத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். எழுந்து சுவர் மாடப்பிறையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். அடியில் இன்னும் கொஞ்சம் மருந்து இருந்தது. அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

கண் பிரிவில் கூட்டம் நெரிந்தது. ஒரு மணி நேரம் நின்று நர்ஸம்மாவைப் பிடித்தாள். பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"இத எத்தன பேருக்கு ஊத்தலாம் தாயி?"

"ஒருத்தருக்கு. நீங்க எத்தன பேருக்கு ஊத்துனீங்க?"

"என்னையும் சேத்துப் பத்துப் பேருக்கு. எங்க முதலாளியையும் சேத்தா பதினொண்ணு."

நர்ஸம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"நுனி கண்ணுல படாமத்தானே ஊத்துனீங்க?"

"சிந்தக் கூடாதுன்னு அண்டக் குடுத்துத்தான் ஊத்துனேன்."

"கடவுளே. அம்மா, ஒரு ஆளு கண்ணுல தொட்ட நுனி இன்னொரு ஆளு கண்ணுல பட்டாலே போதும், போயிரும். பாட்டில், துண்டு, தலகாணி, கை. இதுலதான் பரவும். பாக்குறதுனால பரவாது."

"கொரோனாவுக்கு இப்படித்தான் ஒரே பாட்டில்ல..."

"அது கையில ஊத்துறது. நுனி யாரையும் தொடலயே."

மருதாயி தலையை ஆட்டினாள். விளங்கிவிட்டது. அனுசியா கிட்டங்கிக்குக் கொண்டு வந்தது ஒரு ஆளுக்கு உள்ளதை. அதை மற்ற ஒன்பது பேருக்கும், முதலாளிக்கும், வேளை தவறாமல், சிந்தாமல் கொண்டு சேர்த்தது மருதாயி. வீரலட்சுமிக்கும் மற்றவர்களுக்கும் வழி சொல்லிக் கொடுத்ததும் மருதாயி.

திரும்பி வரும் வழியில் முழங்கால் வலித்தது. ஒரு கடைப் பலகையில் உட்கார்ந்தாள். இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது. தேவிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. நர்ஸம்மாவுக்கு அவள் யாரென்றே தெரியாது. பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட அவள் முறத்திலிருந்து போன காய் திரும்பி வந்ததில்லை. அவள் சொல்லாவிட்டால் இனியும் வராது.

வீட்டுக்கு வந்தபோது பால்பாண்டி ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அந்தப் புள்ள அனுசியா, ஞாயித்துக்கெழம காலைல ஜீப்புல எடம் கேட்டிருக்கு. சட்டி பானையோட. மேலயே போயிருதாம்."

"மக?"

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்கப் போகுதாம். பாவம், படிக்கிற புள்ள. அதுவும் காய் எடுக்கப் போயிரும்."

மருதாயி அன்று சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாள். பால்பாண்டி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் முத்துக்கிருஷ்ணன் உள்ளே நுழைந்ததும் அவள் எழுந்து நின்றாள். வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"முதலாளி, அனுசியா மேல தப்பில்ல. நான் ஊத்துன மருந்துலதான் எல்லாருக்கும் வந்துச்சு. ஆஸ்பத்திரில கேட்டுட்டு வந்துட்டேன்." பாட்டிலையும் பெருவிரலையும் காட்டி, நர்ஸம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

முத்துக்கிருஷ்ணன் கறுப்புக் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார். "அப்ப எனக்கும் நீதானா?"

"ஆமா முதலாளி. உங்களுக்கு மூணு சொட்டு."

தேவிதான் முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. முதலாளியும் முறைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, போனது போச்சு. இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத. கிட்டங்கி பேரு கெட்டுரும், உன் பேரும் கெட்டுரும். அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா. முதலாளி மனசு மாறிட்டாருன்னு சொல்லிக்க."

அனுசியா வீட்டுக்குள் நிலைப்படியை ஒட்டி ஒரு டிரங்குப் பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மருதாயி வாசலில் நின்றபடியே, "முதலாளி மனசு மாறிட்டாரு. வரச் சொன்னாரு" என்றாள். சொல்லும்போதே நாக்குக் கூசியது.

"அவரு மனசு மாறுனாச் சரியாப் போச்சா சேச்சி? குழாயடில என் குடத்தத் தள்ளி வைக்கிறாங்க. எம்மக பக்கத்துல ஒரு புள்ள உக்காரல. நோவு கொண்டாந்தவ மகளாம். எனக்கு மதி, போதும். நாங்க போறோம்."

மருதாயி படியேறி உள்ளே வந்து, பெட்டிமேல் உட்கார்ந்தாள். காலையில் சொன்னதை மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். தேவி தண்ணித் தொட்டிக்கு ஓடியதையும் சொன்னாள். அனுசியா சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"அப்போ அன்னைக்கு முதலாளி என்னப் போகச் சொன்னப்போ, நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுடி."

"தெரியாட்டியும் தொறந்திருக்கலாம்ல."

மருதாயி பெட்டியின் கயிற்று முடிச்சைத் தடவினாள். "தொறந்திருக்கணும்" என்றாள்.

உள்ளே மகள் ஒரு மூலையில் புத்தகப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை போட்டிருந்தாள். டி.சி. வாங்கப் புறப்பட்டிருக்கிறார்கள் என்பது மருதாயிக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன செஞ்சா இருப்ப? சொல்லு."

அனுசியா யோசிக்கவே இல்லை. இத்தனை நாளும் அதையேதான் யோசித்திருப்பாள்போல. "சந்துல மத்த நாலு கிட்டங்கிலயும் நீங்களே போய்ச் சொல்லணும். என்ன வச்சுக்கிட்டுச் சொல்லணும். நானும் கூட வருவேன்."

"முதலாளி சொல்லாதங்குறாரு."

"பின்னே, என்னத்துக்கு வந்தீங்க?"

மருதாயி பெட்டியிலிருந்து எழுந்தாள். "நாளைக்கு மத்தியானம் வா. எல்லாரும் சாப்புட உக்கார்ற நேரம். ஒருத்தியும் வேல கெடக்குன்னு சொல்லி எந்திரிச்சுப் போக முடியாது." வாசலில் திரும்பி, அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ வெரசா வகுப்புக்குக் கெளம்பு. மணியடிச்சிருப்பாங்க" என்றாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அனுசியா ஒன்றும் சொல்லவில்லை. அது போதும் என்று அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் சந்தில் இறங்கினார்கள். முதல் கிட்டங்கியில் மருதாயி நடுவிலிருந்து ஆரம்பித்து, மறுபடி முதலுக்குப் போனாள். இரண்டாவதில் கொஞ்சம் திருத்தமாக வந்தது. மூன்றாவதில் ஒரு கிழவி, "அப்ப எம் பேரனுக்கு வந்ததும் உன்னாலதானா?" என்று எழுந்தாள். மருதாயி, "ஆமா ஆத்தா, என்னாலதான்" என்றாள். கிழவிக்கு அதற்குமேல் சண்டை போட வழியில்லாமல் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வோர் இடத்திலும் மறக்காமல் சொன்னாள்: ஆளுக்கு ஒரு பாட்டில், ஆளுக்கு ஒரு துண்டு, கண்ணைத் தொட்ட கைக்குச் சோப்பு, பார்த்தால் ஒட்டாது. ஒவ்வோர் இடத்திலும் அனுசியா முக்காடு போடாமல், தலை நிமிர்ந்து, எல்லோர் கண்ணையும் பார்த்தபடி நின்றாள்.

நான்காவது வீரலட்சுமியின் கிட்டங்கி. அவள் சோற்றுக் கையோடு முழுவதையும் கேட்டாள். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அதுவே மருதாயிக்குப் பயமாக இருந்தது.

"முடிச்சிட்டியா மதினி?"

"முடிச்சிட்டேன்."

"பதினெட்டு வருசமா உன் முறத்துலேருந்து ஒரே ஒரு சொத்தக் காய் எடுத்துரணும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு நாளும் மாட்டல. இப்பப் பாரு, நீயே பொறுக்கி எடுத்து எங்கையில வச்சிட்ட."

"வச்சுக்க. இனிமே கெடைக்காது."

"பேச்சப் பாரு பேச்ச!" வீரலட்சுமி எச்சில் கையை உதறிச் சிரித்தாள். பிறகு அனுசியாவின் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, குழாயடில உன் கொடத்தத் தள்ளி வச்சது நான்தான். நாளைக்கு நானே நெறச்சுத் தூக்கிவிடுறேன். கோவிச்சுக்காத" என்றாள்.

"ரெண்டு கொடம்" என்றாள் அனுசியா.

வீரலட்சுமி மருதாயியைப் பார்த்தாள். "உங்கிட்ட வேல பழகுனவதான். விடமாட்டேங்குறா."

முத்துக்கிருஷ்ணனுக்கு விஷயம் அன்று சாயங்காலமே போய்விட்டது. கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் வந்து, "அந்தப் பொண்ணு திங்கக்கெழம வருதுல்ல? மூட்ட கெடக்கு" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பால்பாண்டி ஜீப்பைக் கிளப்பினான். அனுசியாவுக்கும் அவள் சட்டி பானைக்கும் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் பூப்பாறைக் கடைக்காரர் சொல்லிவிட்ட வெங்காய மூட்டை ஏறியது. "பெட்டி ஏத்தலயா?" என்று கேட்டவர்களிடம், "எறக்கியாச்சு" என்று சொல்லி அவன் கியரைப் போட்டான்.